படையலில் வைத்த ரஷ்யா ரசம்

என் பிரியத்துக்குரிய அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நீ போன மறு வருஷம் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை மூண்டுவிட்டது, அண்ணா. இதை எழுதுகிற இந்த நாள்வரை அது ஓயவில்லை.

நம்ப மாட்டாய். கூர்ஸ்க் நகரத்தில் டாக்டருக்குப் படித்த காலத்தில், விடுமுறை விட்டதும் ரயில் ஏறி, கார்கிவ்வில் படித்துக்கொண்டிருந்த மோகன் அண்ணனைப் பார்க்கப் போவாய். எல்லையில் அரைத் தூக்கத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும், அங்கே ரெண்டு நாடே கிடையாது என்று சொல்லிச் சிரிப்பாய். அந்த ரயில் இப்போது ஓடுவதில்லை. நீ ஏறிய பக்கமும் குண்டு விழுகிறது, இறங்கிய பக்கமும் விழுகிறது.

நம் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். நீ ரஷ்யாக்காரியைக் கட்டிக்கொண்டு வந்தாய், அவர் உக்ரைன்காரியைக் கட்டிக்கொண்டு வந்தார். நமக்கு அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான். ‘ரெண்டு வெள்ளக்காரிங்க’ என்று தோட்டமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பத்திரிகைக்குக் கொடுக்கப்போகும் இந்தக் கடிதத்தை ஊரார் படிப்பார்கள் என்பதால் எல்லார் பேரையும் மாற்றிவிட்டேன். உன் மனைவியை நீனா என்றும், மோகன் அண்ணன் மனைவியை ஹலீனா என்றும் எழுதுகிறேன். யார் யாரென்று உனக்குத் தெரியும், அது போதும். அவர்கள் இரண்டு பேருக்கும் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.

இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்று கேட்பாய். உன் தங்கச்சியை உனக்குத் தெரியாதா? செம்பனை எண்ணெய் ஆலையின் திம்பாங் மேடையில், பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் வேலையில் என் பாதி ஆயுசு போய்விட்டது. குலைக்கடியில் மணல் மூட்டை வைத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்திருக்கிறேன். டிரைவர் அளவுக்கு மேல் சிரித்தால் நான் இறங்கிப் போய் வண்டியைச் சுற்றிப் பார்ப்பேன். ‘ஒன் கண்ணுக்குச் சாமியும் திருடன்தான்’ என்று நீயே கேலி செய்திருக்கிறாய். அந்தக் கண்ணோடுதான் சண்டை தொடங்கியதிலிருந்து அண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சண்டை மூண்ட சில மாதத்தில் உன் முதல் திதி வந்தது. கோல சிலாங்கூர் வீட்டில்தான் செய்தோம். மோகன் அண்ணன் உனக்கு முன்பே போய்விட்டதால், ஹலீனாக்கா மட்டும் சுங்கை பெசாரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். உனக்குப் பிடித்த அந்தச் சிவப்பு சூப்பை எப்போதும் அவர்தானே வைப்பார்? அண்ணி வைத்தால் உப்புத் தூக்கல் என்று நீ வாய்விட்டே சொல்வாய். பீட்ரூட்டும் முட்டைக்கோசும் போட்டு, நம் வீட்டுக்காக எலும்பு கிலும்பு எல்லாம் விட்டுவிட்டு, மேலே ஒரு கரண்டி கெட்டித் தயிர். அதற்கு அம்மா வைத்த பேர் ரஷ்யா ரசம். அந்தப் பேரைச் சொல்லித்தான் நாம் எல்லாரும் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அன்றைக்கு அவர்கள் சமையலறையில் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தர் வெங்காயம் உரித்தார், ஒருத்தர் அடுப்பைப் பார்த்தார். முன்பெல்லாம் அவர்கள் பாஷையில் ஓயாமல் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியாது, என்னைத்தான் பேசுகிறார்களோ என்று இருக்கும். அன்றைக்குப் பேசாமல் இருந்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. துக்கம், அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு நான்தான் பரிமாறினேன். ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, உன்னைக் கூப்பிட்டு வைப்பதுதானே நம் வீட்டு வழக்கம்? “அண்ணே, ஒனக்குப் புடிச்ச கத்தரிக்கா. அண்ணே, ஒனக்குப் புடிச்ச சேமியா பாயசம்.” ஹலீனாக்கா கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றார். வாங்கி இலையில் வைத்தேன். “அண்ணே, ஒனக்குப் புடிச்ச ரஷ்யா ரசம். ஆறிப்போறதுக்குள்ள வந்து சாப்பிடு.” வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால், கணீரென்று சொன்னேன்.

ஹலீனாக்கா உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைக் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். காரியம் நடந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் முறை. ‘வெள்ளக்காரியா இருந்தும் எவ்ளோ சரியா நடந்துக்குறாங்க பாருங்க’ என்று சித்தியிடம் மெச்சி வேறு பேசினேன்.

தீபாவளிக்கு அவர் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முறைக்காகச் சொல்லாமல் போகவில்லை, அவர் நாட்டு சூப்பை நான் ரஷ்யா ரசம் என்று கணீரென்று சொன்னதில் மனம் நொந்துதான் போயிருக்கிறார். கோபித்துக்கொண்டு போகிறவரும் முறை தெரிந்து போகிறவரும் நம் வீட்டில் ஒரே மாதிரிதானே வாசல் தாண்டுகிறார்கள்? வேறு எந்த வீடாக இருந்தாலும் அன்றைக்கே யாராவது பின்னாலேயே ஓடியிருப்பார்கள்.

இனி ஊர் என்ன செய்தது என்று கேள். நம் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில், அண்ணியிடம் பியானோ படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் குரல் செய்தி போட்டார். “நான் தப்பா சொல்லல லா. ஆனா பியானோ டீச்சர் ரஷ்யாக்காரங்கதானே? அந்த ஃப்ளைட்ட எல்லாரும் மறந்துட்டீங்களா? நம்ம பிள்ளைங்கள அங்க அனுப்பணுமா, யோசிச்சுப் பாருங்க.” உக்ரைன் மேலே நம் மலேசிய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்களே, அப்போது நீ இருந்தாய். அண்ணி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் அழுதது உனக்குத் தெரியும். அன்றைக்கு இந்தத் தாமானில் ஒருவரும் நீ எந்த நாட்டுக்காரி என்று அவரைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது ஞாபகம் வந்திருக்கிறது.

ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு பிள்ளைக்குத் திடீரென்று டியூஷன் வந்தது, இன்னொன்றுக்கு வயலின் பிடித்துவிட்டது. நேராகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வருஷக் கடைசியில் மண்டபத்தில் நடக்குமே பிள்ளைகள் நிகழ்ச்சி, அதில் ரஷ்யப் பாட்டு வேண்டாம், வேறு ஏதாவது வாசியுங்கள் என்று கமிட்டியில் சொல்லியனுப்பினார்கள். எப்போதோ செத்துப்போன மனுஷன் போட்ட மெட்டு அது, அவன் யாரைச் சுட்டான் என்று செயலாளரிடம் நானே போய்க் கேட்டேன். “நமக்கு எதுக்குக்கா வம்பு?” என்றார். அவருடைய மகளுக்கு இலவசமாகப் பியானோ சொல்லிக்கொடுத்தது அண்ணிதான்.

அண்ணி சண்டைக்குப் போகவில்லை, பாட்டை மாற்றிவிட்டார். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன், பியானோவுக்கு மேலே நீ வரிசையாக மாட்டி வைத்திருந்த தாடிக்கார ரஷ்ய இசை மேதைகள் படமெல்லாம் காணோம். சுவரில் வெளுத்த சதுரங்கள்தான் இருந்தன. என் கண் சும்மா இருக்குமா? ஊருக்குப் பயந்து கழற்றினாரா, அல்லது மனசுக்குள் வேறு ஏதாவதா? மறைக்க ஒன்றும் இல்லாதவர் எதற்குப் படத்தைக் கழற்ற வேண்டும்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆற்றோரக் கடையில் ஒரு நாள் நானும் அண்ணியும் ரொட்டிச்சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் நம் ஆட்கள் நாலைந்து பேர். ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். “மேடம், ஒங்க ஆளு கெத்து லா! அமெரிக்காக்காரனுக்கே தண்ணி காட்டுறாரு!” எங்கள் டீக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்துவிட்டார். சண்டையை ஏதோ பந்து விளையாட்டு மாதிரி பேசினார்கள்.

அண்ணி அவர்களைப் பார்த்துச் சிரித்தார், தலையையும் ஆட்டினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை, அண்ணா. உள்ளுக்குள் பெருமையோ? போன் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாரே, அங்கே என்ன பேசுகிறார்? நான் காப்பி கொண்டுபோனால் பேச்சு பட்டென்று நிற்கிறது. அவர்கள் பாஷை எனக்குப் புரியாது என்று தெரிந்தும் ஏன் நிறுத்த வேண்டும்?

உன் மகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஷா ஆலமில் வேலை பார்க்கிறாள். முன்பு ‘நான் ஹாஃப் ரஷ்யன்’ என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள். “இப்பல்லாம் அப்பா தமிழுன்னு மட்டும் சொல்லிடுவேன் அத்தை. மூக்க பாத்துட்டு மேல கேட்டா, சிரிச்சிட்டு போயிடுவேன். நீங்களும் அம்மாவ நோண்டாதீங்க” என்றாள். நோண்டுகிறேனாம். எனக்கு இன்னும் மூக்கில் வேர்த்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி எந்த நாட்டுப் பக்கம் என்பதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வகுப்பில் மூன்றே பிள்ளைகள்தான் மிச்சம். பேச இருந்த ஒரே தோழியும் போய்விட்டார். மகள் தனியாக வேலை பார்க்கிறாள். இனி இந்த ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது? ஒரு நாள் வீட்டை விற்றுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால்? அம்மா போய்விட்டார், நீ போய்விட்டாய். உன்னைப் பற்றிப் பேச எனக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் நான் யாரிடம் போய், ‘எங்கண்ணன் இருந்திருந்தா’ என்று தொடங்குவேன்?

இந்த நிலையில்தான் சனிக்கிழமைகளில் அவர் காரை எடுத்துக்கொண்டு காணாமல் போகத் தொடங்கினார். காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவார். எங்கே என்று கேட்டால், “சும்மா, சாமான் வாங்க” என்பார். வெறுங்கையோடு வருவார். கோலாலம்பூரில் ரஷ்யாக்காரர்கள் கூடிக் கொடி பிடிக்கிறார்களோ, விசாவுக்கு அலைகிறாரோ, வீட்டைப் பார்க்க யாரையாவது கூட்டி வரப்போகிறாரோ? ஒரு சனிக்கிழமை நானும் என் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சிரிக்காதே.

கோலாலம்பூர் பக்கம் திரும்பவில்லை. வடக்கே போனார். தஞ்சோங் காராங், செகிஞ்சான், இரண்டு பக்கமும் நெல்வயல், முன்னால் ஒரு டிராக்டர். கடைசியில் சுங்கை பெசாரில், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் வாழைப்பழப் பலகாரக் கடை, அதன் முன்னால் காரை நிறுத்தினார். கடைக்குப் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி நாலு மேசை போட்டிருந்தார்கள். நான் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அண்ணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தது ஹலீனாக்கா.

அவர்கள் பேசினார்கள். தமிழில் பேசினார்கள், அண்ணா.

“ஒங்கம்மாவுக்குக் கரண்டு வந்துச்சா?” இது அண்ணியின் குரல்.

“வந்துச்சு. மறுபடியும் போயிருச்சு. மெழுகுத்திரி இருக்காம். ஒங்கம்மா எங்க இருக்கு?”

“ஊர்ல இல்ல. எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டாங்க. பூனைய விட்டுட்டு வந்துட்டேன்னு அழுவுது.”

“அழட்டும். அழுதா நல்லதுதான். சாப்புடுதா?”

“கஞ்சி குடிக்குதாம்.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் லயத்துக் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசுவது மாதிரி இருந்தது. அம்மா அடுப்படியில் வைத்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ், அம்மாவுடைய இழுப்போடு. நடுவில் அண்ணி வாய் தவறி அவர்கள் பாஷையில் ஏதோ தொடங்கினார். உடனே நிறுத்திக்கொண்டார். தமிழில் சொல்லத் தேடினார். “அது என்ன சொல்றது... பசி மாதிரி. ஆனா வயித்துல இல்ல.”

“தெரியுது. எனக்கும் அதுக்குத் தமிழ் தெரியாது” என்றார் ஹலீனாக்கா.

நான் வாங்கிய பலகாரத்தைத் தொடாமலேயே எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு அழுகையும் வந்தது, சந்தேகமும் தீரவில்லை. இவ்வளவு நல்ல காரியத்தை எதற்கு ஒளித்துச் செய்ய வேண்டும்?

மறுநாள் சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்கே வந்தார். நேரே சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒன் காரு நேத்து என் பின்னாடி வந்துச்சு.”

நான் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

“கமலா, என்மேல சந்தேகமா?”

“ஆமா அண்ணி.”

கோபிப்பார் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டு, கொஞ்சம் சிரித்தார். “நல்லது. மத்தவங்கல்லாம் கேக்காமலே நெனைச்சிக்கிறாங்க. நீயாவது கேளு. என்ன வேணுமோ கேளு.”

கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஏன் தமிழில் பேசுகிறீர்கள்? “அவ பொறந்ததுலேருந்து வீட்டுல பேசுனது எங்க பாஷதான். அவளுக்கும் அதான் தாய்மொழி. இப்ப அதப் பேசவே முடியல, வாயெல்லாம் கசக்குதுங்குறா. உக்ரைன் பாஷய போன்ல பாத்துப் படிக்கிறா, சின்னப் புள்ள மாதிரி. அது எனக்குப் பாதிதான் புரியும். இங்கிலீசுல அழுவ வராது. அப்புறம் என்ன இருக்கு? அம்மா குடுத்த தமிழ்தான் இருக்கு.” பேச்சு விட்டுப்போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணி ஹலீனாக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு நாள் ஹலீனாக்கா வெளியே வந்து, “வெயில்ல உக்காராத, வா, எங்கயாவது போயி டீ குடிப்போம்” என்றாராம், தமிழில். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.

கடையில் அவர்களைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்? “சிரிக்கலன்னா ஏன்னு கேப்பாங்க. சிரிச்சா விட்டுருவாங்க.” படங்களை ஏன் கழற்றினீர்கள்? “வர்ற மூணு புள்ளைங்களாவது வரட்டும்னுதான்.”

கடைசியாக, எத்தனையோ மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன். “நீங்க யாரு பக்கம், அண்ணி?”

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பச்சைச் சட்டை, மொட்டைத் தலை, காது விடைத்த ஒரு பையன். “என் தம்பி மவன் சாஷா. ஒங்கண்ணன் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சாரே, அவன்தான். பட்டாளத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. இப்ப அங்க நிக்கிறான். ஹலீனாவோட சொந்தத் தம்பி எதிர்ப் பக்கம் நிக்கிறான். இவன் சுடுற குண்டு அவங்க வீட்டுமேல விழக் கூடாது. இவன் சாகவும் கூடாது. இந்தச் சண்டைய ஆரம்பிச்சது யாருன்னு எனக்குத் தெரியும், அதச் சொல்ல எனக்குப் பயமில்ல. ஆனா இவன் சாகக் கூடாதுன்னு வேண்டுறேன். இது எந்தப் பக்கம்னு நீ சொல்லு, கமலா.”

அண்ணா, உனக்காவது தெரியுமா?

“ஹலீனாக்காகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல. சொன்னா அடுத்த சனிக்கெழம வர மாட்டா.” அவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் உடைந்தார். “எங்கயும் போயிடுவேன்னு பயப்படாத. அவ இங்க இருக்குற வரைக்கும் நான் எங்க போவேன்?”

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது தம்பி மனைவியோடு. என்னைப் பார்த்ததும் நிறுத்தியது, என் முகத்தில் இருந்த கேள்வியைப் பார்த்து. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் பாழாய்ப்போன என் மனசு, இதைத் தோழியிடமே மறைக்கிறவர் என்னிடம் இன்னும் எதை மறைக்கிறாரோ என்று ஒரு மூலையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வரப்போகிற இந்த வருஷத் திதிக்கு நானே சுங்கை பெசார் போய் ஹலீனாக்காவை அழைத்தேன். வாசலில் நிற்க வைத்துத்தான் பேசினார். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அவர் தம்பி படத்துக்குக் கீழே, உயிரோடு திரும்ப வேண்டி ஏற்றிய ஒரு சின்ன விளக்கு. அன்றைக்குச் சொன்ன பேருக்காக மன்னிப்புக் கேட்டேன். “ஒங்கண்ணன் இருந்தவரைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரக் கேட்டுச் சிரிச்சிருக்கேன். அன்னைக்குச் சிரிப்பு வரல. அவ்வளவுதான்” என்றார். வருகிறேன் என்றும் சொன்னார்.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்தார். “நீனா என்கிட்ட ஒண்ணு மறைக்கிறா.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“சொல்லாத. பொய் சொல்லாத. எனக்குத் தெரியும். பட்டாளச் சட்டையோட சாஷா படத்த அவங்கம்மா நெட்டுல போட்டிருந்தா, நான் பாத்துட்டேன். சின்னப் புள்ளையில கார்கிவ் வந்தப்ப என் மடியில தூங்குனவன் அவன்.” கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டார். “ரொம்ப நாளாத் தெரியும். நான் கேக்க மாட்டேன். கேட்டா அவ உண்மையச் சொல்லணும். சொல்லிட்டா, அப்புறம் நான் அவ எதிர்ல எப்படி உக்காருவேன்? நீயும் எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத.”

பார்த்தாயா, அண்ணா? ஹலீனாக்காவுக்குத் தெரியாது என்று அண்ணி சனிக்கிழமை சனிக்கிழமை போகிறார். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அவர் வந்து உட்காருகிறார். ஊர் இரண்டு பேரையும் பார்த்து இவள் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறது. எல்லாரையும் வேவு பார்த்த எனக்குக் கிடைத்த கூலி, இரண்டு பேருடைய ரகசியத்தையும் நான் ஒருத்தியே சுமப்பது.

நம் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் சாஷா பேரிலும் ஹலீனாக்கா தம்பி பேரிலும் ஒரே தட்டில் அர்ச்சனை வைக்கிறேன். குருக்கள் நட்சத்திரம் கேட்கிறார், தெரியாது என்கிறேன். என்ன வேண்டுதல் என்கிறார், இரண்டு பேரும் வீடு திரும்ப வேண்டும் என்கிறேன். எதிரெதிரே துப்பாக்கியோடு நிற்கிற இரண்டு பேருக்கு ஒருசேர வரம் கொடுக்க அம்மனால் முடியுமா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் விடாமல் வைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இரண்டு வீட்டில் எந்த வீட்டுக்குக் கெட்ட செய்தி வந்தாலும், மற்றவரை என் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போவேன். வர மாட்டேன் என்றாலும் விட மாட்டேன். உள்ளே விட மாட்டேன் என்றாலும் கதவைத் தட்டுவதை நிறுத்த மாட்டேன். இரண்டு பேரையும் ஒரே அறையில் சேர்த்துவிட்டு, தாமான்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்காதபடி வாசலில் நான் நிற்பேன். அன்றைக்கு அவர்கள் எந்த பாஷையில் வேண்டுமானாலும் அழுதுகொள்ளட்டும்.

யாரையும் இன்னும் முழுசாக நம்பப் பழகாத,
உன் தங்கச்சி
கமலா